குளத்துக்குள் ஒரு கால்பந்துக் கிளப்: வளர்ந்த கதையும் உடைந்த இடமும்

பிசான நெல் அறுப்பு முடிந்து, குளம் வற்றி, அடியில் கிடக்கும் கரம்பை மண் காய்ந்தால்தான் எங்கள் ஊரில் கால்பந்து. மாசிக் கடைசியில் மாடுகள் குளத்துக்குள் இறங்கும். பங்குனியில் பையன்கள் இறங்குவார்கள். ஜூன் பிறந்தால் கார் நெல் சாகுபடிக்குப் பாபநாசம் அணையைத் திறப்பார்கள். அந்தத் தண்ணீர் கன்னடியன் கால்வாய் வழியாக எங்கள் குளத்துக்கு வந்து சேர்வதற்குள் கோல் கம்பத்தைப் பிடுங்கிக் கரையேற்றிவிட வேண்டும். இந்த மூன்று மாதம்தான் கிளப்பின் வருடம். மீதி மாதங்களில் கிளப் என்பது ஒரு சாக்குப்பையில் கிடக்கும் நாலு பந்தும், டீக்கடைப் பேச்சும்தான்.

கிளப் இன்றும் இருக்கிறது, ஆறாத மனவருத்தங்களும் இருக்கின்றன. அதனால் ஊர்ப் பெயரையும் ஆட்கள் பெயரையும் எழுதவில்லை. தாமிரபரணியின் கன்னடியன் பாசனத்தில், சேரன்மகாதேவி, வீரவநல்லூர் பக்கம் உள்ள ஒரு சிற்றூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே பேக் ஆடியவன், பிறகு சில காலம் செயலாளராகவும் இருந்தேன். எழுபதுகளின் கடைசியில் தொடங்கிய இந்தக் கிளப் தொண்ணூறுகளின் சாதிக் கலவரத்தைத் தாண்டி வந்தது. அப்படிப்பட்ட கிளப், நல்ல மனதோடு கொடுக்கப்பட்ட இரண்டு ஜோடி இரும்புக் கம்பத்தால் உடைந்தது. அது எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் பக்கத்தில் குளத்திலும் ஆற்றுப் படுகையிலும் அறுத்த வயலிலும் ஆடுகிற கிளப்புகள் இன்னும் நிறைய உண்டு. அவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

பந்து வந்த வழி

நெல்லைச் சீமையின் உள்ளூர்களுக்குக் கால்பந்து பெரும்பாலும் பாளையங்கோட்டையிலிருந்துதான் வந்தது. 1878ல் தொடங்கிய தூய யோவான் கல்லூரி, 1923ல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி, அவற்றைச் சுற்றியிருந்த பள்ளிகள், விடுதிகள் என்று அந்த ஊரே படிப்புக்கானது. விடுதியில் தங்கிப் படித்த பையன் கோடை விடுமுறைக்கு மீட்டர் கேஜ் ரயிலில் ஊருக்கு வரும்போது ஆட்டத்தையும் கொண்டுவந்தான். எங்கள் கிளப்பைத் தொடங்கியவர்களும் அப்படி வந்தவர்கள்தான். வ.உ.சி. மைதானத்தில் பார்த்த ஆட்டத்தை ஊரில் ஆடிப் பார்க்க இடம் தேடினார்கள். கோவில் திடல்கள் சின்னவை, அதுவும் ஒவ்வொன்றும் ஒரு தெருவுக்கு உரியது. பள்ளிக்கூடத்தில் அப்போது அவ்வளவு பெரிய இடம் இல்லை. நூறு மீட்டர் நீளம் வேண்டுமென்றால் குளத்தை விட்டால் வேறு வழியில்லை.

பூட்ஸ் யாரிடமும் கிடையாது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் பெரும்பாலானோர் வெறுங்காலோடு ஆடி பிரான்ஸிடம் 2க்கு 1 என்றுதான் தோற்றார்கள். 1952ல் ஹெல்சின்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10க்கு 1 என்று தோற்ற பிறகு பூட்ஸைக் கட்டாயமாக்கினார்கள். அந்தக் கட்டாயம் எங்கள் குளத்துக்கு வந்து சேர மேலும் நாற்பது வருடம் ஆனது. உண்மையைச் சொன்னால், காய்ந்த கரம்பையில் வெறுங்கால்தான் பிடிக்கும், பூட்ஸ் வழுக்கும். ஒரே பயம் உடைமுள். பெருவிரலுக்குக் கீழே ஏறினால் ஒரு வாரம் ஆட முடியாது.

களம் போடுவது

குளத்துக்குள் களம் போடுவது எப்படி என்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிளப் உண்மையில் உருவானது அந்த வேலையில்தான்.

தண்ணீர் வற்றியதும் கரம்பை பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பு கணுக்கால் இறங்கும் அளவுக்கு இருக்கும், கால் மாட்டினால் சுளுக்கோடு போகாது. ஆற்று மணலைக் கொண்டுவந்து ஒவ்வொரு வெடிப்பாக நிரப்ப வேண்டும். அப்புறம் ஓரத்து உடைமரத்திலிருந்து விழுந்த முள்ளைப் பொறுக்க வேண்டும். இதற்குச் சின்னப் பையன்களை வரிசையாக உட்கார வைத்து, குந்தியபடியே ஒரு கோலிலிருந்து மறு கோல் வரை நகரச் சொல்வோம். கோல் கம்பம் சவுக்கு. 24 அடி அகலம், 8 அடி உயரம் என்ற அளவை எங்கள் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார், அந்தக் கயிறு அவர் வீட்டுப் பரணில் இருக்கும். எல்லைக்கோடு சுண்ணாம்பு. ஒரு மழை விழுந்தால் கோடு போய்விடும், மறுபடியும் போட வேண்டும்.

இந்த வேலைக்கு நாலு தெருப் பையன்களும் வந்தார்கள். திருநெல்வேலிக்காரர்களுக்கு இதன் எடை தெரியும். டீக்கடையிலிருந்து சுடுகாடு வரை எது யாருடைய இடம் என்று எழுதப்படாமலே எல்லோருக்கும் தெரிந்த ஊர் அது. ஆனால் குளம் எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லை. வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது நீர்நிலைப் புறம்போக்கு. அதன் தண்ணீரில் எல்லாத் தெருக்காரர்களின் வயலும் பாய்ந்தது. ஆகவே அதற்குள் இறங்க யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நாலு தெருப் பையன்கள் சேர்ந்து ஆடியதற்குப் பெருந்தன்மை ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம் களம் பொதுவாக இருந்தது என்றே நினைக்கிறேன்.

யாரையும் கேட்கவில்லை என்று சொன்னாலும், ஒருவரிடம் மட்டும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவோம். மடை பார்க்கும் நீர்பாய்ச்சித் தாத்தா. எந்த மடை எப்போது திறக்கும், கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்விட்டதா என்பதெல்லாம் அவர் கையில். பங்குனி பிறந்ததும் வெற்றிலை பாக்கோடு அவர் வீட்டுக்குப் போவது செயலாளரின் முதல் வேலை. மே மாதக் கடைசியில் அவரே கரையில் வந்து நிற்பார்.

"ஏலே, அணையில தண்ணி விடப் போறானாம். கம்பத்த எப்ப எடுக்கிய?"

"ஃபைனல் ஞாயித்துக்கிழமை தாத்தா. அன்னைக்கு ராத்திரியே எடுத்துருதோம்."

"எடுத்துரணும். மடையில ஒரு குச்சி கிடந்தாலும் எனக்குத்தாம்லே ஏச்சு."

அன்று ராத்திரியே எடுத்துவிடுவோம். ஜெயித்த அணிதான் கம்பத்தைத் தூக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கார் பொய்த்த வருடங்களில் ஜூனிலும் தண்ணீர் வராது, எங்களுக்கு ஆட்டம் நீளும். சம்சாரிகள், அதாவது விவசாயிகள், வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆடி மாதத்தில் நாங்கள் குளத்துக்குள் டோர்னமென்ட் நடத்தினால் பார்ப்பவர்களுக்கு எப்படி இருக்கும்? கிளப்பின் முதல் தலைமுறைக்கு இது புரிந்திருந்தது. ஜூன் பிறந்தால் குளம் காய்ந்து கிடந்தாலும் போட்டி வைப்பதில்லை, வெறும் பயிற்சி மட்டும்தான் என்று அவர்கள் வைத்திருந்தார்கள். எந்தத் தீர்மானப் புத்தகத்திலும் இது எழுதப்படவில்லை. எழுதப்படாததால் பின்னால் வந்தவர்களுக்குத் தெரியாமல் போனது.

வெள்ளை ஜெர்சி

ஜெர்சிக்கு நிறம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்த கூட்டம் ராத்திரி வெகுநேரம் நடந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று எந்த நிறத்தை எடுத்தாலும் அது ஏதோ ஒரு சங்கத்தின் கொடியில் இருந்தது. கடைசியில் வெள்ளை என்று முடிவானது. கரம்பை மண்ணில் வெள்ளைச் சட்டை போட்டு ஆடுவது வீட்டுப் பெண்களுக்குச் செய்த அநியாயம்தான், ஆனாலும் வேறு வழியில்லை. பெயரிலும் அதே கவனம் இருந்தது. ஊர்ப் பெயர் மட்டும், தலைவர்கள் பெயர் எதுவும் வேண்டாம்.

அந்த முடிவின் அருமை தொண்ணூறுகளில் தெரிந்தது. 1995 முதல் தென்மாவட்டங்களில் கலவரம் விட்டு விட்டு நடந்தது. 1997ல் தமிழக அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் சூட்டியிருந்த தலைவர்கள் பெயர்களையே எடுத்துவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் மறுபடி திருநெல்வேலி மாவட்டம் ஆனதும் அப்போதுதான். பெயர் வைப்பதே சண்டையாகும் காலத்தில், எந்தப் பெயரும் நிறமும் இல்லாத ஒரு கிளப் எங்கள் ஊரில் இருந்தது. ஒரு கோடை முழுக்க ஆட்டம் நின்றது உண்மை. அடுத்த கோடையில் இரண்டு தெருவின் மூத்த ஆட்டக்காரர்கள் ஆளுக்கு ஒரு கம்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், கரைவழியே எல்லோரும் பார்க்க நடந்து வந்தார்கள். அதற்குப் பிறகு பையன்கள் வந்தார்கள். இந்தக் கிளப்பின் வரலாற்றில் ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எந்த ஃபைனலையும் சொல்ல மாட்டேன், அந்த நாளைத்தான் சொல்வேன்.

இரும்புக் கம்பம்

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆட்கள் வெளியே போனார்கள். திருப்பூர், சென்னை, சவூதி, துபாய். இதே காலத்தில் கிரிக்கெட் பையன்களை இழுத்துக்கொண்டது, அதைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லா ஊரிலும் அதே கதை. வெளிநாட்டில் இருந்த பழைய ஆட்டக்காரர்களுக்குக் கிளப் மேல் பாசம் குறையவே இல்லை. அவர்கள் பணம் சேர்த்து அனுப்பி, அளவுப்படி செய்த இரண்டு ஜோடி இரும்பு கோல் கம்பம், வலையோடு வந்து இறங்கியது. ஊரே வேடிக்கை பார்த்தது. சவுக்குக் கம்பத்தில் பந்து பட்டு கம்பம் ஆடுவதைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு அது பெரிய சந்தோஷம்.

இரும்புக் கம்பத்தைச் சும்மா நட்டால் நிற்காது. குழி தோண்டி, ஜல்லி போட்டு, சிமெண்ட் ஊற்றினார்கள். ஜூன் வந்தது. கம்பத்தைப் பிடுங்க முடியவில்லை. தண்ணீருக்குள்ளேயே நின்றது.

பாசன விவசாயிகள் பக்கத்திலிருந்து பார்த்தால் இது என்ன? குளத்துக்குள் யாரோ சிமெண்ட் போட்டிருக்கிறார்கள். நீர்நிலைகள் எப்படிப் பறிபோகும் என்பது அவர்களுக்குத் தெரியும். முதலில் ஒரு கொட்டகை, அப்புறம் ஒரு சுவர், அப்புறம் ஒரு பட்டா. தமிழ்நாட்டில் குளங்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அதற்குள் நீர்பாய்ச்சித் தாத்தா காலமாகிவிட்டார். வெற்றிலை பாக்கோடு போகும் வழக்கம் அவரோடு நின்றுவிட்டது. அவருக்குப் பதிலாக யாரிடம் சொல்ல வேண்டும் என்று கிளப்பில் யாரும் யோசிக்கவில்லை. விவசாயிகளில் ஒருவர் செயலாளரிடம், "தம்பி, இன்னைக்குக் கம்பம் நட்டிருக்கிய. நாளைக்குக் காம்பவுண்டு கட்ட மாட்டியன்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டார். பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. கிளப்பிலிருந்து யாரும் பதில் சொல்லவில்லை.

2017ல் குளங்களைத் தூர்வாரிச் சீரமைக்கும் குடிமராமத்து வேலைகள் தொடங்கின, குளங்களில் வண்டல் மண் எடுத்துக்கொள்ள விவசாயிகளுக்கு அனுமதியும் கிடைத்தது. வயலுக்கு வண்டல் நல்லது, குளத்துக்கும் ஆழம் கிடைக்கும், இதில் தவறு எதுவும் இல்லை. எந்த இடத்தில் வெட்டுவது என்ற கேள்வி வந்தபோது ஆடுகளம் இருந்த இடத்தை விட்டுவிடச் சொல்ல அந்தக் கூட்டத்தில் கிளப்புக்காகப் பேச ஒருவரும் இல்லை. பழைய காலமாக இருந்திருந்தால் தாத்தாவே சொல்லியிருப்பார். பெனால்டி ஏரியா இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குப் பள்ளம் விழுந்தது. இரும்புக் கம்பங்கள் பள்ளத்தின் ஓரத்தில் நின்றன.

உடைந்தது எங்கே

களம் போனதும் கிளப் போகவில்லை. ஆட வேறு இடம் கிடைத்தது, அதில்தான் போனது. தெருக்களில் ஒன்றின் கோவில் திடலைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் முதல் மாதத்திலேயே மற்ற மூன்று தெருப் பையன்களின் வருகை பாதியானது. யாரும் வராதே என்று சொல்லவில்லை. வந்தால் எங்கே செருப்பு விடுவது, எந்தக் குழாயில் தண்ணீர் குடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் யோசிக்க வேண்டியிருந்தது. குளத்தில் இந்த யோசனை இருந்ததில்லை. இரண்டாவது கோடையில் இன்னொரு தெரு தன் திடலில் தனி அணி தொடங்கியது. அதன் ஜெர்சி வெள்ளை இல்லை.

அப்போதுதான் பழைய காகிதம் ஒன்று வெளியே வந்தது. மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் சேர வேண்டுமென்றால் கிளப் பதிவாகியிருக்க வேண்டும் என்று, முன்பே தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975ன் கீழ் பதிவு செய்திருந்தார்கள். அதற்குக் குறைந்தது 7 பேர் கையெழுத்துப் போட வேண்டும். அவசரத்தில், அன்று சாயங்காலம் கையில் கிடைத்த 7 பேரிடம் வாங்கியிருக்கிறார்கள். ஏழு பேரும் ஒரே தெரு. அன்று யாருக்கும் இது உறைக்கவில்லை, ஏனென்றால் கிளப் காகிதத்தில் இல்லை, குளத்தில் இருந்தது. குளம் போன பிறகு காகிதம் மட்டும் மிஞ்சியது. "கிளப் அவங்க பேர்லல்லா இருக்கு" என்ற பேச்சு கிளம்பியது. பேச்சில் பாதி கோபம், பாதி உண்மை.

இதில் யாரையாவது குற்றவாளியாக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கம்பம் அனுப்பியவர்கள், வண்டல் வெட்டியவர்கள், திடல் கொடுத்தவர்கள், அவசரமாகக் கையெழுத்து வாங்கியவர்கள் என எல்லோருக்கும் அவரவர் நியாயம் இருந்தது. என் பார்வையில் தொடக்கம் சிமெண்ட்தான். பிடுங்கக்கூடிய கம்பமாக இருந்தவரை ஒவ்வொரு வருடமும் கிளப் குளத்தைத் திருப்பிக் கொடுத்தது, மறுவருடம் மறுபடி கேட்டு வாங்கியது. கேட்கப் போகும்போது உறவு புதுப்பிக்கப்பட்டது. நிரந்தரமாக நட்டதும் கேட்க வேண்டிய தேவை போனது, கேட்காததால் உறவும் போனது.

சொந்த மைதானம் இருக்கும் கிளப்புகளின் நிலை வேறு. காயல்பட்டினத்தைப் பாருங்கள். 1986ல் மாவட்டம் பிரிந்து தூத்துக்குடியோடு போகும்வரை அதுவும் நம் நெல்லை மாவட்டம்தான். அங்குள்ள ஐக்கிய விளையாட்டுச் சங்கம் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவாக அகில இந்தியப் போட்டி நடத்துகிறது, வெளிமாநில அணிகள்கூட அந்தச் சிறிய கடற்கரை ஊருக்கு வந்து ஆடுகின்றன. வெளியூரிலும் வெளிநாட்டிலும் தொழில் செய்யும் ஊர்க்காரர்களின் ஆதரவும், தலைமுறை தலைமுறையாக விட்டுவிடாத ஆர்வமும் அதற்குப் பின்னால் உண்டு. எங்கள் வெளிநாட்டு நண்பர்களும் அதே மனதோடுதான் பணம் அனுப்பினார்கள். சொந்த நிலத்தில் ஊற்றிய சிமெண்டுக்கும் இரவல் நிலத்தில் ஊற்றிய சிமெண்டுக்கும் இருந்த வித்தியாசத்தை நாங்கள் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

செய்த வேலைகள்

முதலில் கம்பத்தை எடுத்தோம். கடப்பாரையால் சிமெண்டை உடைத்து, துண்டுகளை அள்ளி, குழியை மண் போட்டு மூடினோம். பணம் அனுப்பியவர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை, தொலைபேசியில் சண்டையே போட்டார்கள். கம்பங்கள் வீணாகாது, வேறு இடத்தில் நடுவோம் என்று சொல்லிச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. பிறகு பாசன விவசாயிகளின் கூட்டத்துக்கு நாலு தெருவிலிருந்தும் ஆளுக்கு ஒருவராகப் போனோம். குளத்தில் இனி எதையும் நிரந்தரமாக நட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நம்பிக்கை அன்றைக்கே வந்துவிடவில்லை.

அது 2023 டிசம்பரில் கொஞ்சம் வந்தது. 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது, தாமிரபரணி கரை புரண்டது. எங்கள் குளத்தின் கரை ஓரிடத்தில் கரையத் தொடங்கியபோது மணல்மூட்டை அடுக்க முதலில் வந்தவர்களில் ஆட்டக்காரப் பையன்கள் நிறைய. யாரும் கூப்பிடவில்லை. அடுத்த கோடையில் பள்ளம் இல்லாத தென்மேற்கு மூலையில் ஆடிக்கொள்ளச் சொன்னார்கள். முழு களத்துக்கு இடம் போதாது, எழுவர் ஆட்டத்துக்குப் போதும். கம்பம் பழையபடி சவுக்கு.

இரும்புக் கம்பங்கள் இப்போது அரசுப் பள்ளி மைதானத்தில் நிற்கின்றன. இடையில் பள்ளிக்குக் கூடுதலாக நிலம் கிடைத்து, சுற்றுச்சுவரும் வந்துவிட்டது. பள்ளி வேலை நேரத்துக்கு முன்னும் பின்னும் கிளப் ஆடலாம், அதற்குப் பதிலாகப் பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. பள்ளியும் எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லை என்பதால் பையன்கள் திரும்பி வந்தார்கள், எல்லோரும் இல்லை, பெரும்பாலோர்.

நாங்கள் எதிர்பார்க்காதது பெண் பிள்ளைகள் வந்தது. குளத்துக்குள் மகளை விளையாட அனுப்ப எந்த வீட்டிலும் சம்மதித்ததில்லை. சுவருக்குள், ஆசிரியர் இருக்கும் இடத்தில் என்றதும் சம்மதித்தார்கள். தமிழ்நாடு மகளிர் அணி 2018ல் தேசியப் பட்டம் வென்றதும், அடுத்த ஆண்டு மதுரையின் சேது அணி இந்திய மகளிர் லீக்கை வென்றதும் பயிற்சியாளர் வாயிலாக அவர்கள் காதுக்கு வந்தது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது பெற்றோர் காதுக்கு வந்தது. இரண்டும் வேலை செய்தன. இப்போது காலைப் பயிற்சியில் பையன்களைவிட அவர்கள்தான் நேரத்துக்கு வருகிறார்கள்.

பதிவுக் காகிதத்தையும் சரிசெய்தோம். சிறப்புப் பொதுக்குழு கூட்டி, நிர்வாகக் குழுவில் நாலு தெருவுக்கும் இடம், தலைவரும் செயலாளரும் ஒரே தெருவாக இருக்கக் கூடாது, குளத்தில் எந்தக் கட்டுமானமும் கூடாது, ஜூனில் போட்டி கூடாது என்று விதிகளைத் திருத்தி மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்தோம். தனி அணி தொடங்கிய தெருவிலிருந்து இருவர் குழுவுக்கு வந்திருக்கிறார்கள், அவர்களுடைய அணியும் தனியாக நடக்கிறது. அதைக் கலைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. கோடையில் இரண்டு அணிக்கும் குளத்து மூலையில் ஓர் ஆட்டம் வைக்கலாமா என்று பேச்சு நடக்கிறது. ரெஃப்ரி வெளியூர் ஆளாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பக்கமும் ஒத்துப்போயிருக்கிறார்கள். பள்ளியில் பிள்ளைகள் உடை மாற்ற ஓர் அறை கேட்டு எழுதிய மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்த பொதுக்குழுவில் முதல் பொருள் அதுதான்.